பாதியில் நின்ற பிளக்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

இப்படிப்பட்டதையெல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு அந்த வயதில்லை. இந்த மாதத்தோடு ஒர்க்‌ஷாப்பை விட்டுவிட்டு ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தப் போகிறேன், அவ்வளவுதான். போவதற்குள் சொல்லிவிட்டுப் போங்கள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். பெரும்பாலும் ஸ்கேனரைப் பற்றியும் சென்சாரைப் பற்றியும் கேட்டீர்கள். அதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். நான் அப்படிப் படித்து வந்தவன்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா பல்லாவரத்தில் கல் உடைத்தார், அம்மா சித்தாள் வேலை. அச்சில் இருப்பது எதுவானாலும் அப்படியே நம்பிவிடுகிற பழக்கம் எனக்கு அதனால் வந்தது. சர்வீஸ் மேனுவலை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறேன். அந்த மேனுவலில் இல்லாத ஒரு சனிக்கிழமையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

ஸ்பார்க் பிளக் மாற்றுவதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. “பிளக் மட்டும்தாங்க, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்” என்பார்கள். பழைய வண்டிகளில் அது உண்மை. கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, முனையைத் தரையில் ஒரு தட்டு தட்டி இடைவெளியைச் சரிசெய்து, திரும்ப மாட்டுவோம். இப்போது வருகிற வண்டிகளில் எஞ்சின் தலைப்பகுதி முழுக்க அலுமினியம். பிளக் இரும்பு. இரும்பும் அலுமினியமும் மோதினால் எது தோற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தப்பு செய்தால் கெட்டுப்போவது பிளக் அல்ல, அது உட்கார்ந்திருக்கிற மரை. மரை போனால் அந்தத் தலைப்பகுதியை, அதாவது ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஹெட்டைக் கழற்றினால் வண்டி ஒரு வாரம் நம்மோடுதான் இருக்கும்.

நான் சொல்லும் காலத்தில் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தேன். ஓனர் தணிகாசலம் அண்ணனுக்கு அந்த இடம் பூர்வீகம். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம். இவர் காலத்தில் முன்னால் மூன்று கடை, பின்னால் ஒர்க்‌ஷாப், மாடியில் வீடு. நல்ல மனிதர். ஆனால் எந்த வண்டியும் பொழுது சாய்ந்த பிறகு உள்ளே நிற்கக் கூடாது அவருக்கு. நிற்கிற வண்டி ஒர்க்‌ஷாப்பின் மானத்தை வாங்குகிறது என்பது அவர் கட்சி.

அந்தச் சனிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், கார் வாசலில் திரும்பும்போதே மீன் வாசனை உள்ளே வந்துவிட்டது.

“மச்சான், சாப்பாட்டுக்குக் குழம்பு வந்துடுச்சுடா” என்றான் என்னோடு வேலை செய்தவன்.

சின்ன வெள்ளை பெட்ரோல் கார். பின் சீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூடி போட்ட ஐஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். எஞ்சின் உதறிய உதறலில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி இருந்தது. ஓட்டி வந்தவர் ஏழுமலை. பனையூர்ப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர், கடலுக்குப் போகிறவர். அவர் இறங்குவதற்குள் பக்கத்திலிருந்து அவர் மனைவி கஸ்தூரி அக்கா இறங்கிவிட்டார்.

“இன்னா தம்பி, வண்டி கழுத மாரி ஒதைக்குது. மேடவாக்கத்துலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள உயிரு போய் உயிரு வந்துச்சு.”

“ஒண்ணும் இல்ல, பிளக்கு தான்” என்றார் ஏழுமலை. “எனக்குத் தெரியும். பிளக்க மாத்துனா ஓடும்.”

“உனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சி தான் இப்டி கீது” என்றார் அக்கா.

பானட்டைத் தூக்கினேன். முகத்தில் சூடு அடித்தது. ஆறட்டும், பிறகு தொடுகிறேன் என்றேன். சூடான எஞ்சினில் பிளக்கைத் திருகினால் அலுமினிய மரையும் கூடவே உரிந்து வந்துவிடும். இது மேனுவலில் இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். அக்கா படித்திருக்கவில்லை.

“எவ்ளோ நேரம் ஆறணும்?”

“கை வெச்சா சுடக் கூடாதுக்கா. அது வரைக்கும்.”

“டீ ஆத்துற மாரி சொல்றியே தம்பி. நாளைக்கு ஞாயித்துக்கிழம. எனக்கு விடியகாத்தால வண்டி வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஏன் அத்தனை முக்கியம் என்பதை அங்கேயே நின்று சொன்னார். மேடவாக்கத்தில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். முன்பு கூடையிலும் ஆட்டோவிலும் மீன்காரர்கள் உள்ளே போய்வந்திருக்கிறார்கள். டைல்ஸ் தரையில் மீன் தண்ணீர் சொட்டுகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். மூடிய பெட்டியில், சொட்டாமல், காரில் கொண்டுவந்தால் ஒரே ஒருவருக்கு அனுமதி என்றார்கள். அதற்காகத்தான் அண்ணனும் அக்காவும் பழைய காரை வாங்கி, பின் சீட்டைக் கழற்றியது. அதிலிருந்து அந்த கேட் கஸ்தூரி அக்காவுடையது. இப்போது இன்னொரு ஆள் குளிர்சாதன வண்டியோடு வந்து அனுமதி கேட்கிறானாம். நாளைக்குக் காலையில் கார் நிறுத்துமிடத்தில் சங்கத்துக் கூட்டம், இரண்டு பேரும் சரக்கோடு வர வேண்டும் என்று செக்ரட்டரி சொல்லியிருக்கிறார்.

“நாளைக்கு நான் போவலன்னா கேட்டு அவனுக்கு. அப்புறம் நான் தெருத்தெருவா கூவிகினு தான் போவணும்.”

“ஆட்டோல வெச்சு எடுத்துட்டுப் போனா?” என்றேன்.

“ஆட்டோன்னா கேட்லயே நிறுத்திடுவான் வாச்மேன். அதான் சொன்னேனே.”

எஞ்சின் ஆறும் வரை அவர் சும்மா இருக்கவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த சங்கரா மீனை எடுத்து ஒர்க்‌ஷாப் வாசலிலேயே பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார். தெருவில் இரண்டு வீடுகளிலிருந்து கிண்ணத்தோடு வந்தார்கள். இது என்ன ஒர்க்‌ஷாப்பா மீன் மார்க்கெட்டா என்று கேட்க ஓனர் வெளியே வந்தார். அதற்குள் மாடியிலிருந்து அவர் வீட்டம்மாவே பாத்திரத்தோடு இறங்கி வந்துவிட்டதால் வந்த வழியே உள்ளே திரும்பினார்.

எஞ்சின் ஆறியதும் ஆரம்பித்தேன். பிளக்குகளைச் சுற்றிக் கடற்கரை மணல். காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு முதல் மூன்றையும் கழற்றினேன். முனை தேய்ந்திருந்ததே தவிர வேறு குறையில்லை. நாலாவதின் தலையில் சாக்கெட் ஸ்பேனர் உட்காரவில்லை. அழுத்திப் பார்த்தேன், உட்காரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் தலை மற்ற மூன்றையும்விடப் பெரியதாக இருந்தது. பழைய வண்டிகளுக்கு வைத்திருக்கிற பெரிய ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கழற்றினேன். பயங்கர இறுக்கம். கையில் வந்ததைப் பார்த்ததும், இது காருக்கு உரியது இல்லை என்று தெரிந்துவிட்டது. மரைப் பகுதி குட்டையாக இருந்தது.

“அண்ணா, இது எங்க வாங்கினது?”

ஏழுமலை எட்டிப் பார்த்தார். “வாங்கல. அது நம்ம போட்டு பிளக்கு.”

“போட்டா?”

“படகு எஞ்சினோடது. ஐப்பசி மழைக்கு முன்னாடி, ஒரு நாளு ஈசிஆர்ல போய்க்கினே இருக்கும்போது ஒரு பிளக்கு பூட்ச்சு. பையில இது இருந்துச்சு. போட்டேன். மரை ரெண்டும் ஒண்ணு தான, கச்சிதமா ஏறிச்சு. அன்னிக்கு வூடு வந்து சேந்தோம் இல்ல.”

“அப்புறம் மாத்தலையா?”

“ஓடுதே, எதுக்கு மாத்தணும்?”

சிரிக்காதீர்கள். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர் பையில் மாற்றுப் பிளக் இல்லாமல் போக மாட்டார். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எஞ்சின் நின்றால், ஈரக் கையோடு சூட்டோடு சூடாகக் கழற்றி, கையில் இருப்பதைப் போட்டு, உடம்பு பலம் அத்தனையும் கொடுத்து இறுக்கிக் கரைக்கு வருவார். அந்த எஞ்சின் அதைத் தாங்கும். அங்கே அதுதான் சரியான வேலை. அதே கையோடு அவர் காரையும் பார்த்துவிட்டார்.

புதுப் பிளக்குகளை எடுத்துவந்தேன். மூன்று பிளக்கும் விரலாலேயே கடைசி வரை போய் உட்கார்ந்தன. நாலாவதும் விரலால் ஒழுங்காகத்தான் ஏறியது. பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் நின்றுவிட்டது. ஸ்பேனரை மாட்டி லேசாகக் கொடுத்தேன். நெறநெறவென்று ஏதோ மணலை அரைப்பது போலக் கைக்குத் தெரிந்தது. நிறுத்தினேன்.

வெளியே எடுத்து, குட்டைப் பிளக்கையும் புதுப் பிளக்கையும் துணியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதுப் பிளக் எந்த இடத்தில் நின்றதோ, அது குட்டைப் பிளக்கின் நீளம். விஷயம் அப்போது புரிந்துவிட்டது. இத்தனை நாளும் குட்டைப் பிளக்குக்குக் கீழே இருந்த மரை எஞ்சினுக்குள் வெறுமனே நெருப்பில் இருந்திருக்கிறது. அதில் கரி ஏறி, இறுகி, கல்லாகிவிட்டது. குட்டை போன தூரம் வரை வழி சுத்தம். அதற்குக் கீழே வழி அடைத்துப்போயிருக்கிறது.

இங்கேயிருந்துதான் தம்பிகளா, நீங்கள் கவனிக்க வேண்டியது.

இதற்குள் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓனர் வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா சேகரு, ஒரு பிளக்குக்கு இவ்ளோ நேரமா?”

சொன்னேன்.

“கரி தான? புதுப் பிளக் இரும்பு. அதுவே வழி பண்ணிக்கும். ஸ்பேனர்ல ஒரு பைப்ப மாட்டி விடு.”

“அலுமினியம்ணா. கரி நடுவுல மாட்டி கோணலா ஏறிச்சுன்னா மரை போயிடும்.”

“நம்ம கிட்ட டேப் இருக்கே. அத விட்டு அறுத்துடு.”

டேப் என்பது உலோகத்தில் மரை வெட்டுகிற கருவி. எங்களிடம் இருந்தது தேய்ந்துபோன டேப். அது கரியை மட்டும் எடுக்குமா, அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்டாமல் சுத்தம் மட்டும் செய்கிற கருவி ஒன்று உண்டு. அது மேற்குத் தாம்பரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் இருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு லேத்தைப் பூட்டிவிட்டு அவர் ஊருக்குப் போய்விடுவார், மறுநாள் காலையில்தான் வருவார்.

ஏழுமலை சட்டைக் கையை மடித்தார். “தம்பி, நீ தள்ளு. உனுக்கு கை பலம் பத்தல. நான் ஒரு இறுக்கு இறுக்குனா ஏறிடும்.”

ஏறியிருக்கும். அவர் கையைப் பார்த்தால் அந்தப் பிளக் எஞ்சினின் அடிப்பக்கம் வழியாக வெளியே வந்திருக்கும்.

என் கையில் ஸ்பேனர் இருந்தது. ஓனர் பின்னால், ஏழுமலை பக்கத்தில், வாசலில் அக்கா. மூன்று பேருக்கும் வேண்டியது ஒன்றுதான்: இப்போதே ஏதாவது நடக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பவனைப் பார்த்தால் வேலை தெரியாதவன் போல்தான் இருக்கும். உங்களுக்கும் இது நடக்கும். கை துறுதுறுவென்று இருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஓனரிடம் பேசினேன், ஏழுமலையிடம் பேசினேன். நாளைக்கு கேட்டில் போய் நிற்க வேண்டியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

“அக்கா, மூணு வழி இருக்கு. இப்பவே பலமா இறுக்கலாம். ஏறுனாலும் ஏறும். ஏறலன்னா வண்டி ஒரு வாரம் இங்க தான். இல்லன்னா தேய்ஞ்ச டேப்ப விட்டுப் பாக்கலாம். அதுலயும் பாதிக்குப் பாதி தான். மூணாவது, அந்தக் குட்டைப் பிளக்கையே திரும்பப் போட்டுத் தர்றேன். மத்த மூணும் புதுசு. உதறும், ஆனா ஓடும். நாளைக்கு வித்துட்டு நேரா இங்க வாங்க. சரியான கருவிய வாங்கி வெச்சிட்டு நான் காத்திருக்கேன்.”

அவர் மீன் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“குட்டையோட போனா வழில நிக்குமா?”

“நிக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா. மெதுவா போனா நிக்காதுன்னு நெனைக்கிறேன்.”

“நின்னா திரும்ப கெளம்புமா?”

“கெளம்பும்.”

“மத்த ரெண்டுல பூட்ச்சுன்னா?”

“கெளம்பாது.”

“அப்ப இன்னாத்துக்குக் கேக்குற? குட்டையவே போடு.”

ஓனருக்குப் பிடிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தப்பான பிளக்குன்னு தெரிஞ்சே மாட்டி அனுப்புறதா? நாளைக்கு நடு ரோட்ல நின்னா எந்தக் கடையில வேலை பாத்தன்னு கேப்பாங்க. நம்ம பேர் என்ன ஆவும்?”

அவர் சொன்னதும் தப்பில்லை. மேனுவலைத் திறந்து காட்டினால் மேனுவலும் அவர் பக்கம்தான் பேசும். நான் இவ்வளவுதான் சொன்னேன்: “நின்னுச்சுன்னா வண்டியோட வந்து கேப்பாங்கண்ணா. மரை போச்சுன்னா வண்டி இல்லாம வந்து கேப்பாங்க.”

“உன் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டார்.

பிறகு நான் யோசித்து எனக்கென்று வைத்துக்கொண்ட விதி இதுதான். அவசரத்தில் ஒரு வேலையைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால், நாளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடிய வேலையைச் செய்யுங்கள். திரும்ப எடுக்கவே முடியாத வேலையை, யாரும் கடிகாரத்தைப் பார்க்காத நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். குட்டைப் பிளக் தப்புதான். ஆனால் கழற்றக் கூடிய தப்பு.

மாட்டிக் கொடுத்தேன். இறுக்கும்போது ஏழுமலை, “இவ்ளோ தானா இறுக்கறது?” என்று இரண்டு முறை கேட்டார். எஞ்சின் ஓடியது. உதறியது, ஆனால் வந்தபோது இருந்த அளவுக்கு இல்லை.

“நாப்பதுக்கு மேல போகாதீங்கண்ணா. சிக்னல்ல நின்னா ஆக்சிலேட்டர உறுமவிடாதீங்க.”

“நாப்பதுல போனா மீனு கெடாதா?” என்றார் அக்கா.

“ஐஸ் சேத்துப் போட்டுக்கங்கக்கா.”

“நல்லா சொன்னான்யா, எஞ்சினு பாக்கறவன் மீனுக்கு வைத்தியம்” என்று ஏறி உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. காலையிலேயே மேற்குத் தாம்பரம் போய் லேத் நண்பர் வந்ததும் கருவியை வாங்கிக்கொண்டு வந்து, ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். காலை வியாபாரம் முடிந்து வர வேண்டியவர்கள் வரவில்லை. ஏழுமலையின் செல்போனுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஒவ்வொரு வெள்ளைக் காரும் எட்டிப் பார்க்க வைத்தது. நின்ற எஞ்சினையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேடவாக்கம் கூட்டுரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே பானட்டைத் தூக்கிவைத்து நிற்கிற கார், பெட்டியில் உருகுகிற ஐஸ், இன்னொருவன் உள்ளே போய்விட்ட கேட். விதி என்று மேலே எழுதியிருக்கிறேனே, அப்போது அது விதியாகத் தெரியவில்லை. மேனுவலை மீறிய முட்டாள்தனமாகத்தான் தெரிந்தது.

மதியம் தாண்டித்தான் வந்தார்கள். உதறிக்கொண்டே உள்ளே நுழைந்த காரைப் பார்த்ததும், என் வாழ்க்கையில் ஒரு மோசமான எஞ்சின் சத்தம் அத்தனை நன்றாக இருந்ததில்லை.

அக்கா இறங்கினார். முகத்தைப் பார்த்தேன். மீன் விற்கிறவர்கள் முகத்தில் எதுவும் தெரியாது.

“தம்பி, அங்க இன்னா ஆச்சின்னா…”

“அக்கா, இப்ப சொல்லாதீங்க. வேலை முடிஞ்சதும் சொல்லுங்க.”

விநோதமாகப் பார்த்தார். ஆனால் நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். கேட் போய்விட்டது என்று தெரிந்தால், காரையாவது உடனே சரிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்று கை அவசரப்படும். கேட் கிடைத்துவிட்டது என்றால் கை அலட்சியப்படும். அந்த மரைக்கு இரண்டும் ஆகாது. உங்களிடமும் இதைச் சொல்லிவைக்கிறேன். கையில் நுணுக்கமான வேலை இருக்கும்போது நல்ல செய்தியையும் கேட்காதீர்கள்.

எஞ்சின் ஆறட்டும் என்று மறுபடியும் உட்கார்ந்தோம். ஏழுமலை பெஞ்சில் படுத்துத் தூங்கியே போனார். அக்கா சொல்ல வந்ததை வாயில் வைத்துக்கொண்டு, கூலர் இல்லாத ஒர்க்‌ஷாப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆறியதும் குட்டைப் பிளக்கைக் கழற்றினேன். கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, உடைகிற கரி உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்படி செய்து, விரலால் ஏற்றினேன். சுத்தமான மரையில் வழுக்கிக்கொண்டு போனது. கரி ஆரம்பிக்கிற இடத்தில் நின்றது. கால் சுற்று முன்னால், அரைச் சுற்று பின்னால். வெளியே எடுத்தால் கிரீஸ் தார் மாதிரி கறுத்திருந்தது. துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, மறுபடியும். ஓர் இடத்தில் இறுகியது. அழுத்திக் கொடுத்தால் போய்விடும் போலிருந்தது. கொடுக்கவில்லை. முழுதாக வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏழுமலை எழுந்துவந்து என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை அவர் கை ஸ்பேனர் பக்கம் நீண்டது.

“யோவ், கையக் கட்டிகினு நில்லு. அவன் பாத்துக்குவான்” என்றார் அக்கா.

எத்தனை முறை எடுத்துத் துடைத்தேன் என்று தெரியாது. கடைசியில் கிரீஸ் மஞ்சளாகவே வெளியே வந்தது. மற்ற பிளக்குகளையும் கழற்றிவிட்டு எஞ்சினைச் சும்மா சுற்றவைத்து, உள்ளே ஏதாவது விழுந்திருந்தாலும் வெளியே ஊதித் தள்ளவிட்டேன். பிறகு புதுப் பிளக்கை விரலால் வைத்தேன். நேற்று நின்ற இடம் வந்தது. அதைத் தாண்டிப் போனது. அடிவரை போய் உட்கார்ந்தது. அளவு காட்டுகிற ஸ்பேனரில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கி, மற்றதையும் மாட்டி, சாவியைத் திருப்பினேன்.

உதறல் இல்லை. எச்சரிக்கை விளக்கையும் ஸ்கேனரில் அழித்தேன், திரும்ப எரியவில்லை.

எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கையைத் துடைத்தேன். “இப்ப சொல்லுங்கக்கா.”

“ஒரு வழியா கேட்டியா” என்று பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். “வழில ஒரு தபா நின்னுச்சு. இவரு பதறவே இல்ல. கடல்ல நின்ன மாரி சும்மா கெடன்னுட்டு கொஞ்ச நேரம் விட்டு எடுத்தாரு, கெளம்பிச்சு. போனா, அவன் முன்னாடியே வந்து உள்ள நின்னுகினு கீறான். வண்டி மேலெல்லாம் மீனு படம். கையில கிளவுசு. இங்கிலீசு பேசறான். நம்ம வண்டி கடகடன்னு ஒதறிகினு போய் அவன் பக்கத்துல நின்னுச்சு. செக்ரட்டரி கேக்கறாரு, ‘என்னம்மா, உங்க வண்டி இப்படி ஆடுது, என்னைக்காவது வழியில நின்னுட்டா நாங்க என்ன பண்றது’ன்னு.”

“அப்புறம்?”

“மூணாவது மாடில ஒரு பாப்பா கீது, கம்பெனிக்குப் போற பாப்பா. அது அவனக் கேட்டுச்சு, ‘மீன அரிஞ்சு குடுப்பீங்களா?’ன்னு. அவன் பாக்கெட் தான் குடுப்பானாம், அரியறது இல்லியாம். அவ்ளோ தான். பொம்பளைங்க பூராவும் எம் பக்கம் வந்துட்டாங்க. ‘வண்டி ஆடுனா ஆடட்டும், எங்களுக்கு அரிவாமனை தான் வேணும்’னுட்டாங்க. கூட்டம் முடியறதுக்குள்ள அவங்களுக்கு அரிஞ்சு குடுத்துட்டுத் தான் எழுந்தேன். அதான் லேட்டு.”

“அப்ப கேட்?”

“கேட்டு நம்மளுது தான். வண்டிய மட்டும் சரி பண்ணிகினு வான்னு சொன்னாரு செக்ரட்டரி. வர்ற வாரம் வஞ்சிரம் கேட்டு கீறாங்க.”

நல்லதுக்கா என்றேன். காலிப் பெட்டிகளை ஒழுங்காக அடுக்கி வைக்க உதவினேன். அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏழுமலை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காதை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு சாவியை ஒரு திருப்புத் திருப்பினார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் போய் மோதி கர்ரென்று அலறியது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“யோவ்,” என்றார் கஸ்தூரி அக்கா, “ஓடிகினு தான்யா கீது.”